கடைக்கண்ணால் உடு நோக்கிய அரகோ

இருள் முதிர்ந்த இரவிலே வானத்தை நோக்கிப் பழகியவர்கள் ஒரு விந்தையை அறிவார்கள். மிக மங்கலான உடு ஒன்று பார்வையின் ஓரத்தில் தோன்றும். அது யாதென அறியும் ஆவலோடு கண்ணைத் திருப்பி நேரே நோக்கினால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றே விலக்கினால் மறுபடியும் வந்து நிற்கும். இதனைக் கண்மயக்கம் என்று தள்ளிவிடுவோர் பலர். தொலைகாட்டியோடு வாழ்நாளைக் கழித்தவர்களோ இதனை ஒரு முறையாகவே கைக்கொண்டனர். காண வேண்டிய பொருளை நேரே நோக்காது, அதன் அயலிலுள்ள வெறும் இருளில் கண்ணை நிறுத்தி, பொருளைக் கடைக்கண்ணாற் கவர்வதே அம்முறை.

இதனை முதலிற் கண்டவர் யார் என்ற வினாவுக்கு ஒரே பெயரைச் சொல்லி அமைந்துவிட இயலாது. கிறித்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில், வான்வெளி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதிய நூலில் வால்வெள்ளிகளை ஆராயும் இடத்தில், நாய் என்னும் உடுக்கூட்டத்தின் தொடைப்பகுதியிலே வாலுடைய உடு ஒன்றைத் தாம் கண்டதாகவும், அதனை உற்றுநோக்கினால் அவ்வால் மங்கியும், மேலோட்டமாக நோக்கினால் தெளிந்தும் தோன்றியதாகவும் குறித்திருக்கிறார். சிரியஸ் என்னும் பேரொளி உடுவுக்குத் தெற்கே ஏறத்தாழ நாலு பாகையில் உள்ள உடுக்கொத்தையே அவர் கண்டிருத்தல் கூடும் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். மெசியே என்பாரின் பட்டியலில் அது 41 ஆவது. நம் நாட்டு வானிலும் தைமாத முன்னிரவில் உயர்ந்து நிற்பது. ஆயினும் அரிஸ்டோட்டிலுக்கு இது வேறொரு வாதத்தின் நடுவே வந்த சிறு குறிப்பேயன்றி, பிறர்க்கு உரைத்த விதி அன்று. பின்னர் 1824 இல் ஜோன் ஹேர்ஷலும் ஜேம்ஸ் சவுத்தும் இரட்டையுடுக்களைப் பற்றி வெளியிட்ட பேராய்வில், மங்கலான துணையுடுவைக் காண்பதற்குக் கண்ணை வேறிடத்தில் நாட்டும் உபாயத்தை வெளிப்படையாக எழுதினர். அதே காலத்தில் பாரிஸிலே இதனை ஒரு விதியாகவே சொல்லிவந்தவர் பிரான்சுவா அரகோ. பேரிருளில் நம் பார்வையின் நடுப்புள்ளி உணர்ச்சி குன்றிப்போகும் இந்தத் தோற்றப்பாட்டை உளவியல் அகராதிகள் இன்றும் அவருடைய பெயராலேயே வழங்குகின்றன.

அரகோவைப் பற்றி எழுத நான் விரும்புவது இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்காக மட்டுமன்று. தொடக்கம் முதல் இறுதி வரை அவருடைய வாழ்க்கை கண்ணையும் ஒளியையும் சுற்றியே நடந்தது. ஒளியின் இயல்பு பற்றிய பெருவழக்கில் அவர் ஒரு கட்சிக்காரர். அவ்வழக்கைத் தீர்க்கும் சோதனையையும் அவரே வகுத்தார். ஆனால் அதனைச் செய்ய வேண்டிய நாளில் அவரிடம் கண் இல்லை.

1786 ஆம் ஆண்டு பெப்ரவரி 26 ஆம் நாள், பிரான்சின் தென்கோடியில், பெர்ப்பிஞ்ஞான் நகருக்கு அண்மையிலுள்ள எஸ்தாஜெல் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். ஸ்பெயின் எல்லையை அடுத்த அந்தப் பகுதியில் மக்கள் பேசியது கத்தலான் மொழி. இதனைச் சிறு செய்தியென்று விட்டுவிடலாகாது. இந்தத் தாய்மொழி பின்னொரு நாள் அவருடைய உயிரைக் காத்தது.

பெர்ப்பிஞ்ஞான் கோட்டை மதிலின் மேல் இளம் பொறியியல் அதிகாரி ஒருவரைக் கண்டு, இத்துணை இளவயதில் இப்பதவி எவ்வாறு கிடைத்தது என்று சிறுவன் அரகோ வினவினான். பாரிஸிலுள்ள பொலிடெக்னிக் கல்லூரியில் பயின்றமையால் என்று விடை வந்தது. அன்றுதொட்டுக் கணிதநூல்களை வரவழைத்துத் தானே கற்கத் தொடங்கினான். கற்பிக்க ஆளில்லாத ஊரில் கடுங்கணிதம் பல இடங்களில் வழிமறித்தது. அவன் வைத்திருந்த நூலொன்றின் அட்டையில் ஒட்டியிருந்த அச்சுத்தாளை நனைத்துப் பிரித்தபோது, டலம்பேர் என்னும் கணிதப் பேரறிஞர் இளைஞன் ஒருவனுக்கு எழுதிய அறிவுரை கிடைத்தது. விளங்காத இடத்தில் நின்றுவிடாது மேலே செல்க, செல்லச் செல்ல நம்பிக்கை தானே பிறக்கும் என்பது அதன் கருத்து. தமக்குக் கணிதம் கற்பித்த பேராசான் அந்த அட்டைத்தாளே என்று அரகோ பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். கணிதம் கற்பிக்கும் நண்பர்களுக்கு இச்செய்தி சிறிது சங்கடம் தரலாம்!

1803 இல் பதினேழு வயதிலே அவர் அக்கல்லூரியிற் புகுந்தார். சிறிது காலத்துள் பாரிஸ் அவதான நிலையத்தின் செயலாளர் பதவி கிடைத்தது. 1806 இல், ஜான் பத்தீஸ்த் பியோ என்னும் மூத்த விஞ்ஞானியோடு அவரை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். மீற்றர் என்னும் நீட்டலளவை பூமியின் நெடுங்கோட்டு வட்டத்திலிருந்து பெறப்பட்டது என்பதை மாணவர் அறிவர். அந்த நெடுங்கோட்டைப் பார்சலோனா வரையில் அளந்தாகிவிட்டது. அதற்கு அப்பால் பலியாரிக் தீவுகள் வரை நீட்டும் பணியில் ஈடுபட்ட மெஷேன் என்ற வானியலாளர் 1804 இல் காய்ச்சலால் ஸ்பெயினிலேயே மாண்டார். அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வதற்கே இவ்விருவரும் சென்றனர்.

கடலைத் தாண்டி முக்கோணம் அமைக்க வேண்டும். ஸ்பானியக் கரையிலே கஸ்தெல்லோன் நகருக்கு அருகிலுள்ள மலைமுகட்டில் கூடாரம் அடித்து, ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில், இபிசாத் தீவின் மலைமேல் எரியும் விளக்குகளைத் தொலைகாட்டியில் பிடித்துக் கோணம் அளக்க வேண்டும். பகலில் தீவே கண்ணுக்குத் தோன்றுவது அரிது. இரவில் விளக்கின் ஒளி ஒரு மங்கற் புள்ளி. காற்று கூடாரத்தைப் பிடுங்கியது. மூடுபனி கடலை மறைத்தது. பல வாரங்கள் இரவிரவாக நோக்கியும் விளக்குத் தென்படவில்லை. இறுதியில் தென்பட்டது. இருபது வயது இளைஞனுடைய கண்ணுக்கு வாய்த்த முதற் பள்ளிக்கூடம் இந்த மலைமுகடே என்பேன். இருளிலே இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் ஒளிப்புள்ளி ஒன்றுக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் பொறுமை நூலிற் கற்று வருவதன்று.

பியோ அளவைகளோடு பாரிஸுக்குத் திரும்பினார். அரகோ மட்டும் மயோர்க்காத் தீவுக்குச் சென்று மற்றொரு மலையில் நிலைகொண்டார். அப்பொழுது 1808 ஆம் ஆண்டு. நெப்போலியனுடைய படைகள் ஸ்பெயினுட் புகுந்திருந்தன. மே மாதம் மட்ரிட் நகரில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மலையுச்சியில் இரவில் விளக்கேற்றும் பிரெஞ்சுக்காரன் வேறு என்ன செய்துகொண்டிருப்பான்? பகைவர் கப்பலுக்குச் சைகை காட்டுகிறான் என்று தீவு மக்கள் முடிவு செய்து, அவரைப் பிடிக்க மலையேறினர். நல்லெண்ணமுடைய ஒருவர் முன்னரே எச்சரிக்க, அரகோ உள்ளூர்க் குடியானவன் வேடத்தில் இறங்கி வந்தார். வழியில் அவரைத் தேடிவந்த கூட்டமே எதிர்ப்பட்டது. கத்தலான் மொழியின் கிளையான அத்தீவின் பேச்சு அவருக்கு இயல்பாய் வாய்த்திருந்தமையால், தம்மைத் தேடுவோரோடு தாமே உரையாடி, அவர்களை மலைக்கு அனுப்பிவிட்டு நகரத்துக்கு வந்து சேர்ந்தார்.

நகரத்திலும் கூட்டத்தின் சினம் தொடரவே, உயிருக்குப் பாதுகாப்பாக அவர் தாமே கேட்டு பெல்வெர் கோட்டைச் சிறையிற் புகுந்தார். தாம் தூக்கிலிடப்பட்டதாகச் செய்தித்தாள் ஒன்று விவரித்திருந்ததை அச்சிறையிலிருந்தே படித்ததாக அவர் எழுதியிருக்கிறார். செய்தி முந்திவிட்டது, நிகழ்ச்சி பிந்தி வரக்கூடும் என்று அஞ்சி, யூலை மாத இறுதியில் மீன்பிடி வள்ளத்தில் அல்ஜியேர்ஸுக்குத் தப்பினார். அங்கிருந்து பிரான்சுக்குப் புறப்பட்ட கப்பலை ஸ்பானியக் கடற்கொள்ளைக்காரர் கைப்பற்றினர். மீண்டும் சிறை. அல்ஜியேர்ஸின் ஆட்சியாளர் நெப்போலியனுக்குப் பரிசாக அனுப்பிய சிங்கங்கள் இரண்டு அக்கப்பலில் இருந்தன. அவற்றுள் ஒன்று இறந்ததென்று கேட்டு ஆட்சியாளர் சினந்தமையாலேயே கப்பலும் பிரயாணிகளும் விடுவிக்கப்பட்டனர் என்பது அவருடைய சுயசரிதையில் நகை தரும் பகுதி. விடுதலை பெற்ற கப்பல் மார்செயில்ஸ் துறைமுகத்தைக் கண்முன்னே கண்ட வேளையில் வடகாற்று அதனைத் திருப்பி ஆபிரிக்கக் கரையிலேயே கொண்டுபோய்த் தள்ளியது. அங்கிருந்து தரைவழியாக மீண்டும் அல்ஜியேர்ஸ்.

இதற்கிடையில், சிறையில் வறுமையால் அவர் விற்ற கைக்கடிகாரம் கைமாறிக் கைமாறிப் பெர்ப்பிஞ்ஞானை அடைந்து தந்தையாரின் கண்ணிற் பட்டது. மகன் இறந்தானென்றே குடும்பத்தார் துயருற்றனர். 1809 யூலை 2 ஆம் நாள் அவர் மார்செயில்ஸில் இறங்கினார். சட்டைக்குள் மறைத்துக் காத்த அளவைக் குறிப்புகள் கடலிலும் சிறையிலும் கெடாது உடன்வந்தன. தொற்றுத்தடை விடுதியில் அடைபட்டிருந்தபோதே, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து நட்புக்கடிதம் வந்தது. எழுதியவர் அலெக்சாண்டர் ஹம்போல்ட். அந்த நட்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், இருபத்துமூன்று வயதிலே, அரகோ விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினரானார்.

இனி ஒளிக்கு வருவோம். அக்காலப் பிரான்சில் லப்பிளாசும் பியோவும் பொயசோனும் ஒளி நுண்ணிய துணிக்கைகளின் ஓட்டம் என்னும் நியூற்றனின் கொள்கையைத் தாங்கி நின்றனர். இங்கிலாந்தில் தோமஸ் யங் அது அலையென்று கூறியதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1811 இல் அரகோ, முனைவுற்ற ஒளி சில பளிங்குத் தகடுகளைக் கடக்கும்போது நிறங்கள் தோன்றுவதைக் கண்டார். நீலவானத்தின் ஒளியே முனைவுற்றது என்பதையும் கண்டார். சூரியனின் விளிம்பிலிருந்து சாய்வாக வரும் ஒளி, கொதிக்கும் திண்மத்தினதோ திரவத்தினதோ ஒளியைப் போல் முனைவுறாமையால், நாம் காணும் அதன் மேற்பரப்பு வாயுவாதல் வேண்டும் என்று முடிவு கட்டினார். பதினைந்து கோடி கிலோமீற்றர் அப்பாலுள்ள பொருளின் நிலையை ஒரு பளிங்குத் துண்டால் உரைத்த அந்தத் துணிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆனால் இதே துறையில் முந்துரிமை பற்றி எழுந்த பூசலால், ஒரே கூடாரத்தில் குளிர் காய்ந்த பியோவும் அவரும் பகைவராயினர்.

1815 இல் வீதிப் பொறியியலாளர் ஒருவர் நாட்டுப்புறத்திலிருந்து தம் ஆராய்ச்சியோடு அவரை நாடினார். அவர் ஓகுஸ்தென் பிரெனெல். அரகோ அவரைத் தாங்கினார். கோணல் என்னும் ஒளித் தோற்றப்பாட்டை விளக்குமாறு கழகம் அறிவித்த பரிசுப் போட்டிக்குப் பிரெனெல் அலைக்கொள்கையின்படி எழுதிய கட்டுரை வந்தது. நடுவருள் ஒருவரான பொயசோன் அதனை மறுக்க எண்ணி ஒரு கணக்கிட்டார். இக்கொள்கை மெய்யானால், சிறு வட்டத்தட்டின் நிழலுக்கு நட்டநடுவில் ஒளிப்புள்ளி ஒன்று தோன்ற வேண்டும். நிழலின் நடுவில் ஒளியா? இதுவே கொள்கையின் பொய்மைக்குச் சான்று என்றார். மற்றொரு நடுவரான அரகோ வாதிடவில்லை. இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள உலோகத் தட்டொன்றைக் கண்ணாடியில் மெழுகால் ஒட்டி, நிழலை நோக்கினார். நடுவிலே புள்ளி இருந்தது. 1819 இல் பரிசு பிரெனெலுக்குக் கிடைத்தது. இப்புள்ளியைச் சிலர் பொயசோனின் பெயராலும் சிலர் அரகோவின் பெயராலும் வழங்குவர். மறுத்தவர் பெயரையும் கண்டவர் பெயரையும் ஒருங்கே தாங்கிய ஒளி அது.

அவருடைய குறையொன்றையும் மறையாது சொல்லல் வேண்டும். ஒளியலைகள் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கின்றன என்று பிரெனெல் துணிந்தபோது, அதுவரை கூட்டாய் எழுதிவந்த அரகோ தம் பெயரை அதில் இடத் தயங்கினார். பிரெனெல் 1821 இல் தனியே வெளியிட்டார். தயங்கிய கருத்தே சரியென்று நிலைத்தது. 1827 யூலையில் பிரெனெல் காச நோயால் மரணப்படுக்கையிற் கிடந்தபோது, இலண்டன் வேத்தியற் கழகம் அளித்த பதக்கத்தை அவர் கையிற் கொண்டுபோய்க் கொடுத்தவர் அரகோவே.

1813 முதல் 1846 வரை பாரிஸ் அவதான நிலையத்தில் அவர் பொதுமக்களுக்கு வானியல் விரிவுரை நிகழ்த்தினார். கட்டணமில்லை, கணித அறிவும் வேண்டியதில்லை. சபையிலே மிக மந்தமாகத் தோன்றும் ஒரு முகத்தைத் தெரிந்து, அம்முகத்தில் தெளிவு பிறக்கும் வரை விளக்குவது அவர் வழக்கம் என்பர். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனைச் செய்து பார்த்தால் அதன் அருமை தெரியும். நாம் பெரும்பாலும் முன்வரிசையில் தலையசைக்கும் முகத்துக்கே பாடம் சொல்லுகிறோம்.

கடைக்கண் நோக்கு இந்த வானியற் பணியிற் பிறந்த கருத்தே. தொலைகாட்டி எவ்வளவு பெரிதாயினும் அதன் இறுதி உறுப்பு மனிதனுடைய கண். ஆடியின் குறையை அறிந்து திருத்தும் அவதானி, தன் கண்ணின் குறையை அறியாவிட்டால் யாது பயன்? மிக மங்கிய பொருளைக் காண வேண்டுமாயின் அதனை நேரே நோக்கலாகாது என்று அவர் முரண்போல் தோன்றும் விதியொன்றைச் சொன்னார். படிப்பதற்கும் முகம் அறிவதற்கும் நாம் நம்பியிருக்கும் அந்த நடுப்பார்வையே இருளில் மிகவும் குருடானது என்பது அதன் உட்பொருள். வெளிச்சத்தில் வாழ்ந்து பழகிய எவருக்கும் இதை நம்புவது எளிதன்று. நாம் எதனைக் காண விரும்புகிறோமோ அதனிடம் கண்ணைச் செலுத்துவது பிறவிப் பழக்கம். அதனை அடக்கி, கண்ணை ஓரிடத்திலும் கவனத்தை வேறோரிடத்திலும் வைத்தல் பயிற்சியால் வரும் வித்தை.

விதியைச் சொன்னவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1866 இல், ஜேர்மனியின் பொன் நகரத்தில் மக்ஸ் ஷூல்ற்செ என்னும் உடற்கூற்றறிஞர் நுணுக்குக்காட்டியின் கீழ் விழித்திரையை ஆராய்ந்து, இரவில் இயங்கும் விலங்குகளிடம் கோல்வடிவக் கலங்கள் மிகுந்தும், பகலில் இயங்குவனவற்றிடம் கூம்புவடிவக் கலங்கள் மிகுந்தும் இருத்தலைக் கண்டார். கூம்புகள் பேரொளிக்கும் நிறத்துக்கும் உரியன. கோல்கள் மங்கொளிக்கு உரியன. மனிதக் கண்ணில் கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம், கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. ஆனால் நேர்ப்பார்வை விழுகின்ற நடுக்குழியில், முழுமதியின் விட்டத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமுள்ள பார்வைப் பரப்பில், கோல் ஒன்றேனும் இல்லை. அங்கே கூம்புகள் மட்டும் நெருங்கி நிற்கின்றன. கோல்கள் நடுவிலிருந்து விலகவிலகப் பெருகி, இருபது பாகை அளவில் மிகவும் அடர்கின்றன. ஆகவே மங்கிய உடுவை நேரே நோக்குவோர், அதன் ஒளியை உணரவியலாத இடத்திற் கொண்டுபோய் விழுத்துகின்றனர். சற்றே விலக்கினால் அவ்வொளி கோல்களின் மேல் விழுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நரம்பு புறப்படும் இடத்தில் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. பொருள் மூக்குப் பக்கமாக அமையும்படி நோக்கினால் இப்புள்ளியைத் தவிர்க்கலாம். வலக்கண்ணால் நோக்குவோர் பொருளுக்கு வலப்புறத்தையும், இடக்கண்ணால் நோக்குவோர் இடப்புறத்தையும் பார்த்தல் வேண்டும். விளக்கொளியை விட்டு வெளியே வந்து அரைமணி நேரமாவது இருளிற் பழகிய பின்பே கோல்கள் முழுவலிமை பெறும். மேலே சொன்ன உடுக்கொத்தில் மாணவர்கள் இதனைச் சோதித்துப் பார்க்கலாம்.

கண்ணின் எல்லையை அறிந்தவர், கண்ணுக்கு மாற்றான கருவியை வரவேற்றதில் வியப்பில்லை. 1839 யனவரி 7 ஆம் நாள் டகேர் என்பாரின் ஒளிப்படக்கலையை விஞ்ஞானக் கழகத்தில் அறிவித்தவர் அரகோ. அக்கழகத்தின் நிரந்தரச் செயலாளராக அவர் 1830 முதல் இருந்தார். கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் ஓய்வூதியம் அளித்து அக்கலையை உலகுக்கு வழங்கல் வேண்டும் என்று மக்கள் சபையில் வாதாடி வென்று, ஒகஸ்ட் 19 ஆம் நாள் அதன் செய்முறையை வெளியிட்டவரும் அவரே. சந்திரனின் ஒளி அத்தகட்டில் தடம் பதித்ததை அவர் எடுத்துரைத்தார். பின்னாளில் மங்கிய உடுக்களையும் முகிலுருக்களையும் தேடும் பணி கண்ணை விட்டுத் தகட்டுக்குச் சென்றது.

மக்கள் சபை என்றேன். அவர் தம் மாகாணத்தின் பிரதிநிதியாகக் குடியரசுக் கட்சியில் நின்றவர். 1848 இல் மன்னராட்சி வீழ்ந்தபோது தற்காலிக அரசாங்கத்தில் கடற்படை அமைச்சும், பின்னர் போர் அமைச்சும் அவரிடம் வந்தன. குடியேற்ற நாடுகள் கடற்படை அமைச்சின் கீழ் இருந்தமையால் அடிமை வழக்கின் கோப்பும் அவர் மேசைக்கு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபை கூடும் வரை பொறுக்கலாம் என்று முதலில் அவர் எண்ணினார். விக்தோர் ஷெல்ஷேர் வந்து வாதாடி அவருடைய எண்ணத்தை மாற்றினார். 1848 ஏப்ரில் 27 ஆம் நாள் கட்டளை பிறந்தது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் ஏறத்தாழ 2,50,000 பேர் அடிமைத்தளை நீங்கினர். கடற்படையிற் கசையடியும் ஒழிந்தது. ஆனால் அவ்வாண்டு யூன் மாதத்தில் பாரிஸ் தொழிலாளர் வீதிகளில் அரண் அமைத்துப் போராடியபோது, ஆட்சிக்குழுவின் தலைவராக அவர்களுக்கு எதிரே நிற்க நேர்ந்ததும் அரகோவுக்கே. ஏழைகளின் நண்பர் என்று பெயர் பெற்றவருக்கு அது ஆறாத புண்.

நான் முன்னர்க் குறித்த சோதனைக்கு இப்பொழுது வருகிறேன். ஒளி துணிக்கையானால் காற்றிலும் பார்க்க நீரில் விரைந்து செல்ல வேண்டும். அலையானால் நீரில் தாமதித்துச் செல்ல வேண்டும். இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தால் நூற்றாண்டுக் கணக்கான வழக்கு ஒரு மாலையில் தீரும். மிக விரைந்து சுழலும் ஆடியொன்றில் இரு கதிர்களையும் விழச்செய்து அவற்றின் விலகலை ஒப்பிடலாம் என்று 1838 இல் அரகோ கழகத்துக்கு எடுத்துரைத்தார். பிரெகே என்ற கருவித்தொழில் வல்லுநர் ஆடியைச் சுழற்றும் பொறியைச் செய்யலானார். ஆண்டுகள் சென்றன. சுழலும் ஆடி கணப்பொழுது வீசும் மெல்லிய ஒளிக்கீற்றைப் பிடிப்பதற்குக் கூரிய கண் வேண்டும். அரகோவின் கண்களோ மங்கி வந்தன. நீரிழிவு உடலை அரித்தது. அவருடைய தம்பி ஜாக், கப்பலிலே உலகைச் சுற்றி ஓவியம் தீட்டியவர், முன்னரே முற்றாகப் பார்வை இழந்திருந்தார்.

1850 இல் லியோன் பூக்கோ, பிசோ என்னும் இளைஞர் இருவரும் அச்சோதனையைத் தாம் செய்து முடிக்க விரும்பினர். திட்டம் அரகோவுடையது. பன்னிரண்டாண்டுக் காத்திருப்பு அவருடையது. அவர் ஒரு சொல் மறுத்திருந்தால் இருவரும் பின்வாங்கியிருப்பர். தம் கண்பார்வையின் இன்றைய நிலையில் இனித் தம்மால் ஆகாதென்று அவர் கழகத்தில் வெளிப்படையாகச் சொல்லி, இளைஞருக்கு வழிவிட்டார். அவ்வாண்டு வசந்தகாலத்தில் பூக்கோ விடையைக் கொண்டுவந்தார். ஒளி நீரில் தாமதித்தே செல்கிறது. சில வாரங்களில் பிசோவும் பிரெகேயும் அதையே உறுதிசெய்தனர். பிரெனெலுக்காக முப்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வழக்கு வென்றது. வென்ற ஒளிக்கீற்றை அரகோவின் கண் காணவில்லை.

அவர் தொடங்கியவை பல, முடித்தவை சில என்று குறைகூறுவோர் உளர். குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. 1824 இல் சுழலும் செப்புத் தட்டு காந்த ஊசியை இழுத்துச் சுழற்றுவதை அவர் கண்டார். அதற்காக மறுஆண்டு கொப்லி பதக்கமும் பெற்றார். காரணத்தைச் சொன்னவர் 1831 இல் பரடே. யுரேனஸ் கோளின் வழி பிசகுவதை ஆராயுமாறு 1845 இல் லெவெரியேயை ஏவினார். 1846 செப்டெம்பரில் நெப்டியூன் அகப்பட்டபோது புகழ் லெவெரியேக்குச் சென்றது. அரகோவோ அப்புதுக்கோளுக்கு லெவெரியேயின் பெயரையே இடல் வேண்டும் என்று வாதாடினார். இத்தகைய மனிதரைக் குறைவினையாளர் என்பதா, பிறர் காணுமாறு இடம் விட்டு நின்றவர் என்பதா? நான் இரண்டாவதையே சொல்வேன்.

1852 இல் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன், அரசாங்க ஊழியர் யாவரும் தமக்கு விசுவாசச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். அரை நூற்றாண்டு வாழ்ந்த அவதான நிலையத்தை விட்டு வெளியேறவும் இசைந்து, பார்வை குன்றிய கிழவர் மறுத்துக் கடிதம் விடுத்தார். ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்ற முதியவரை வீதியிற் தள்ளுவது இழிவு என்று உணர்ந்த ஆட்சியாளர் அவருக்கு மட்டும் விலக்களித்தார். 1853 ஒக்டோபர் 2 ஆம் நாள் அரகோ அங்கேயே காலமானார். மக்களுக்கு உரைத்த வானியல் நாலு தொகுதிகளாக அவருடைய மறைவுக்குப் பின் வெளிவந்தது.

அவதான நிலையத்தின் தலைமை லெவெரியேக்குப் போயிற்று. அரகோ விரிவுரை நிகழ்த்திய மண்டபத்தை அவர் இடித்துத் தம் குடியிருப்புக்குச் சேர்த்துக்கொண்டார். பொதுமக்கள் பணத்தில் 1893 இல் நிலையத்துக்கு அருகே எழுந்த அரகோவின் வெண்கலச் சிலையை, 1942 இல் ஜேர்மானியர் ஆட்சிக்காலத்தில் உலோகத்துக்காக உருக்கிவிட்டனர். பீடம் மட்டும் நின்றது. 1994 இல் யான் டிபெற்ஸ் என்னும் டச்சுக் கலைஞர் அதற்குப் பதிலாக மற்றொரு சிலை வார்க்கவில்லை. அரகோ என்ற பெயர் பொறித்த, உள்ளங்கையிலும் சிறிது பெரிய 135 வெண்கல வில்லைகளைப் பாரிஸின் வடக்கிலிருந்து தெற்கு வரை, அவர் இளமையில் அளந்த அதே நெடுங்கோட்டின் வழியே, நடைபாதைகளிலும் முற்றங்களிலும் பதித்துச் சென்றார். சில இப்பொழுது பெயர்ந்துபோயின. மற்றவை மக்களின் காலடியிற் கிடக்கின்றன.